இறந்த இடம்: பத்மாவதி அக்காவை நினைத்து

குருபரப்பள்ளி நிறுத்தத்தில் ஓசூர் பேருந்துக்காகக் காத்திருந்தபோது கோவிந்தம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. பத்மாவதி அக்காவைப் பார்க்கத்தான் நான் புறப்பட்டிருந்தேன். ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“எங்க சார் இருக்கீங்க?”

“குருபரப்பள்ளிம்மா. ஒரு மணி நேரத்துல வந்துருவேன்.”

“மெதுவாவே வாங்க சார். அக்கா போயிட்டாங்க.”

கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் மறுபடி கேட்டேன். உண்மையில் கேட்டிருந்தது.

“விடியக்காலம் சார். தண்ணி கேட்டாங்க. நான் எடுத்தாரதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. வலியில்லாமத்தான் போனாங்க. நான் பாத்துட்டேதான் இருந்தேன்.”

கடைசி வார்த்தைகளை அவள் அழுத்திச் சொன்னாள். அவள் ஏன் அப்படிச் சொல்வாள் என்பது அன்று அந்த நிறுத்தத்தில் எனக்கு மட்டும் தெரியும். இனி இதைப் படிக்கும் உங்களுக்கும் தெரியவேண்டும்.

பத்மாவதி அக்காவை அறிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். வேலையில் கை போனவர்கள், காவல் நிலையத்துக்குப் போன கணவன் திரும்பாத பெண்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து மனு எழுதிவாங்கிய அத்தனை பேருக்கும் அவரைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். எனக்கு அந்தத் தகுதி கிடையாது. நான் அவருடைய எதிர்மனுதாரன். பர்கூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். வழக்கு இன்னும் நடப்பதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை. அவர் அனுப்பிய மனுக்களில் பதில் சொல்லவேண்டியவர்கள் பட்டியலின் கடைசியில் என் பதவி இருக்கும்.

முதன்முதலில் அவர் என் அலுவலகத்துக்கு வந்தது ஒரு சித்திரை வெயிலில். கூடவே கோவிந்தம்மா. சாமல்பட்டிப் பக்கத்துப் பெண். அவள் கணவன் மாதையன் எங்கள் ஊர்க் கல்குவாரியில் வேலை பார்த்தவன். இருபது நாளுக்கு முன் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. குவாரிக்குப் போய்க் கேட்டால் அப்படி ஒருவன் வேலைக்கே வரவில்லை என்று விரட்டியிருக்கிறார்கள். மூன்றாம் நாள், கூட வேலை செய்த ஒருவர் ரகசியமாகச் சொன்ன தகவலைப் பிடித்துக்கொண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் கோவிந்தம்மா அவனைக் கண்டுபிடித்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி மோதிச் செத்துக்கிடந்த அடையாளம் தெரியாத ஆள் என்று அங்கே எழுதியிருந்தார்கள்.

அவள் கையில் கொடுத்த இறப்புச் சான்றிதழ் கன்னடத்தில் இருந்தது. யாரோ ஓசூரில் பத்மாவதி என்று ஓர் அம்மா இருக்கிறார், கன்னடம் படிப்பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அக்காவுக்கு வீட்டில் தெலுங்கு, படித்தது கன்னடம், வேலை பார்த்ததும் சண்டை போட்டதும் தமிழில். அவர் அந்தத் தாளை வரி வரியாகப் படித்துச் சொன்னதைக் கோவிந்தம்மா பிறகு என்னிடம் விவரித்திருக்கிறாள். இறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் இவள் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள்.

“அவுரு எதுக்குக்கா அங்க போனாரு? அந்தப் பக்கம் ஒரு நாளும் போனதில்லையே?”

“அவரு போகலம்மா. கொண்டுபோயிருக்காங்க.”

அந்தச் சான்றிதழோடுதான் இருவரும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். என் மேசையில் ஏற்கெனவே ஓர் அறிக்கையின் நகல் இருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்திருந்தது. மறுநாளே எழுதிக் கொடுத்திருந்தேன். உரிமக் காலம் முடிந்துவிட்டதால் மேற்படி குவாரி இயங்கவில்லை என்று அதில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

பத்மாவதி அக்கா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். ஒடிசலான உடம்பு, நரைத்த தலையில் கொஞ்சம் கனகாம்பரம். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மிச்சமிருந்த விரல்களுக்கிடையில் பேனாவைச் செருகிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“குவாரி ஓடலன்னு எழுதியிருக்கீங்களாமே சார். நேர்ல போய்ப் பாத்தீங்களா?”

“பாத்தேம்மா. அங்க ஆளே கெடையாது.”

சொல்லி வாய் மூடவில்லை, வெடிச்சத்தம் கேட்டது. குவாரியில் பாறை உடைக்க வைக்கும் பகல் வெடி. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து, மேசைமேல் தண்ணீர் டம்ளர் ஆடியது.

“அது பக்கத்துக் குவாரி” என்றேன்.

“பக்கத்துல எத்தன குவாரி இருக்கு சார், உங்க ரிஜிஸ்டர்ல?”

ஒன்றுதான் இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு எழுந்தார். கோவிந்தம்மா வாசல்வரை போய்த் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள்.

அதற்குப் பிறகு மனுக்கள் வர ஆரம்பித்தன. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார், முதல் மேல்முறையீடு போட்டார், இரண்டாவதும் போட்டார். கோப்பு இல்லை என்று எழுதினேன். தேடப்பட்டு வருகிறது என்று எழுதினேன். ஒருமுறை நான் அனுப்பிய பதில் எனக்கே திரும்பி வந்தது. குவாரி என்பதை நான் ‘குவாறி’ என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையால் சுழித்துத் திருத்தியிருந்தார். அடியில் ஒரு குறிப்பு: ‘எழுத்துப் பிழை திருத்தியுள்ளேன். மற்றப் பிழையைத் தாங்கள் திருத்தவும்.’ அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை.

இந்தப் பக்கத்துக் காவல் நிலையத்தில் உடல் கிடைத்தது கர்நாடகத்தில், அங்கே போ என்றார்கள். அந்தப் பக்கம் போனால், ஆள் உங்கள் மாநிலம், வேலை உங்கள் மாநிலம், சாலை விபத்து என்று முடித்துவிட்டோம், இனி எங்களிடம் ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அக்காவும் கோவிந்தம்மாவும் பேருந்தில் போய்வந்து கொண்டிருந்தார்கள். கலெக்டர் அலுவலக மனு நாள் ஒன்றில் பத்மாவதி அக்காவை வாசலிலேயே மறித்து வண்டியில் ஏற்றி, மாலைவரை ஒரு நிலையத்தில் உட்காரவைத்து அனுப்பினார்கள். அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தடுத்ததாக ஒரு வழக்கும் போட்டார்கள். அவருடைய தங்கை குடும்பம் அதன்பின் அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டது. தங்கை மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கோவிந்தம்மா சொல்லித்தான் தெரியும்.

இடையில் ஒருநாள் ஓசூரிலிருந்து திரும்பும் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவர் அவராக இருந்தார். எழுந்துபோக இடமில்லை. சூளகிரி தாண்டியதும் நான்தான், வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், கையைக் காட்டிக் கேட்டேன்.

“பிரஸ் மெசின் சார். ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி. செகண்ட் ஷிப்டு.” அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “கம்பெனி ரிக்கார்டுல என்ன எழுதுனாங்க தெரியுமா? வீட்டுல மிக்சியில கைய விட்டுட்டேனாம். எங்க வீட்டுல அப்ப கரண்டே கெடையாது.”

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சற்று நேரம் கழித்து, குற்றம்சாட்டும் தொனியே இல்லாமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: “ஒரு மனுசன் எங்க செத்தான்னுகூட ஒழுங்கா எழுத முடியலன்னா, அப்புறம் உங்க ஆபீஸ்ல அத்தன ரிஜிஸ்டர் எதுக்கு சார் வெச்சிருக்கீங்க?”

நான் இறங்கவேண்டிய இடத்துக்கு முன்பே ஒரு நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

நான் ஓய்வு பெற்றேன். உடனே அவரிடம் போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. போகவில்லை. ஓய்வூதிய ஆணை கைக்கு வரும்வரை காத்திருந்தேன். அது வந்த பிறகுதான் ஓசூரில் அவர் குடியிருந்த லைன் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அவருக்கு அப்போதே சர்க்கரை முற்றி, சிறுநீரகம் கெட்டுக் கால்கள் வீங்கியிருந்தன. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“பென்சன் ஆர்டர் வந்துடுச்சா சார்?”

“வந்துடுச்சு.”

“வாங்க.”

மன்னிப்புக் கேட்கப் பல நாள் தயார்செய்து வைத்திருந்த வாக்கியங்களை நான் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “எங்கிட்ட எதுக்கு சார்? எனக்கா என்னா பண்ணீங்க? எழுதிக் குடுங்க. அப்புறம் கோவிந்தம்மாகிட்ட வந்து உங்க வாயால சொல்லுங்க.”

எழுதிக் கொடுத்தேன். குவாரி இயங்கிக்கொண்டிருந்தது, அன்று பாறை சரிந்தது எனக்குத் தெரியும், நான் கொடுத்த அறிக்கை பொய் என்று பிரமாண வாக்குமூலம். அதை வாங்கிக்கொண்ட கோவிந்தம்மாவின் வழக்கறிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது போதும், இறந்த இடம் குவாரி என்று மாற்ற உத்தரவு வாங்கிவிடலாம், சில மாத வேலை என்றார். பத்மாவதி அக்கா வீங்கிய கால்களை நாற்காலியில் நீட்டியபடி தலையை மட்டும் ஆட்டினார். அவர் முகத்தில் சந்தோஷம் என்று ஒன்றை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த வாரம் நாங்கள் சாமல்பட்டிக்குப் போனோம். ரயில் நிலையத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் உள்ளே கோவிந்தம்மாவின் வீடு. அக்கா நடக்கமுடியாமல் நின்று நின்று வந்தார். கோவிந்தம்மா புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பாய் போட்டாள். நான் உட்காராமல் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் கையிலிருந்த புளியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அன்னிக்கி நீங்க அங்க போனீங்களா சார்? வண்டியில ஏத்தும்போது அவுருக்கு உசுரு இருந்துச்சா?”

இந்தக் கேள்வியை ஆறு ஆண்டுகளில் எந்த அதிகாரியும் என்னிடம் கேட்டதில்லை. பத்மாவதி அக்காவும் கேட்டதில்லை. அவருக்கு அப்படியொரு சந்தேகமே இருந்திருக்கவில்லை. பாறை விழுந்த இடத்திலேயே மாதையன் செத்தான் என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

நான் போயிருந்தேன். சத்தம் கேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது, குவாரிப் பாதையில் ஒரு வேன் எதிரே வந்து நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளை தலையை நீட்டி, ஒன்றுமில்லை சார், சின்னக் காயம், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றான். பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. பர்கூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. வேன் அங்கெல்லாம் நிற்கவில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அந்த முனகலை என் வாக்குமூலத்தில் நான் எழுதவில்லை. எழுதும்போது பேனா அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது.

“முனகல் கேட்டுச்சும்மா” என்றேன்.

கோவிந்தம்மா எழுந்து வீட்டுக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை. பத்மாவதி அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. தட்டில் கிடந்த புளியை எடுத்து, அந்த மூன்று விரல்களால் கொட்டையைப் பிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்:

“எழுதிக் குடுத்ததுல இது இல்ல.”

“இல்லக்கா.”

“எழுதுங்க.”

இதைக் கேட்டதும் வழக்கறிஞர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “அக்கா, இதச் சேத்தா எல்லாம் போச்சு. குவாரியில சாகலன்னா வேற எங்க செத்தாரு? பர்கூரா, சூளகிரியா, ஓசூரா? ஓடுற வண்டிக்குள்ள எந்த ஊர்ல உயிர் போச்சுன்னு யார் சொல்லுவா? சர்ட்டிபிகேட்ட மாத்தவே முடியாது. கேசு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும். நீங்க இருக்கற நெலமையில...” அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

பத்மாவதி அக்காவுக்கு டாக்டர் சொல்லிய கெடு எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

“பொய்ய எடுக்கறதுக்கு இன்னொரு பொய்ய வெக்கவா நான் இத்தன வருசம் அலைஞ்சேன்?” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “ஆனா இது என் கேசு இல்ல சார். அந்தப் பொண்ணத்தான் கேக்கணும்.”

கோவிந்தம்மாவைக் கூப்பிட்டு இரண்டு வழிகளையும் அவர்தான் விளக்கினார். எந்தப் பக்கமும் சாயாமல், மனுவை வாசித்துக்காட்டுவதுபோல் சொன்னார். குவாரி என்று விட்டுவிட்டால் இந்த வருடத்துக்குள் தாள் கையில் கிடைக்கும். முனகலை எழுதினால் தாள் கிடைக்காமலே போகலாம். ஆனால் உயிரோடு இருந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட்டார்கள் என்று புது வழக்கு வரும், அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்லமுடியாது.

கோவிந்தம்மா யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“எங்க செத்தாருன்னு தெரியாமப் போனாப் போவட்டும்க்கா. உசுரோட இருந்தாருன்னு எழுதுங்க. தண்ணிகூடக் குடுக்காம அத்தன தூரம் கொண்டுபோனாங்கன்னு எழுதுங்க.”

“சரி” என்றார் பத்மாவதி அக்கா.

ஆறு வருட அலைச்சலில் கைக்கு எட்டியிருந்த ஒன்றை அவர் அந்த ஒரு சொல்லில் விட்டுக்கொடுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அன்று அவரை ஆட்டோவில் ஏற்றிவிடும்போது, என்னால்தானே அக்கா என்று தொடங்கினேன். அவர் மறுக்கவில்லை. “ஆமா சார். அன்னிக்கே அந்த வேன நிறுத்தியிருக்கலாம்” என்றார். ஆட்டோ போய்விட்டது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என் இரண்டாவது வாக்குமூலம் தாக்கலானது. இறந்த இடத்தை மாற்றும் மனு தள்ளுபடியானது. புதிய வழக்கு பதிவாக ஒரு வருடம் ஆனது. வேனில் இருந்த கணக்குப்பிள்ளை எங்கே என்று தெரியவில்லை என்கிறார்கள். குவாரி சில மாதம் மூடியிருந்து, வேறொரு பெயரில் திறந்திருக்கிறது. பகல் வெடி இப்போதும் கேட்கிறது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். மாதையனின் பெயரில் இன்றும் செல்லுபடியாகும் ஒரே சான்றிதழ் அந்தக் கன்னடத் தாள்தான். அக்கா மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த கடைசி மாதங்களில் கோவிந்தம்மா சாமல்பட்டியை விட்டு வந்து அவரோடு தங்கினாள். ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, மிச்ச நேரத்தில் அக்காவின் அருகில். இறுதிச் சடங்குக்குத் தங்கை குடும்பமும் வந்திருந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் அழுகை கேட்டது. தொழிற்சாலைச் சீருடையோடு ஷிப்டுக்கு நடுவில் வந்து நின்ற இளம்பெண்கள் சிலரும் இருந்தார்கள். காவல்துறையிலிருந்து ஒருவர் சாதாரண உடையில் வந்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் எனக்குச் சாட்சி சொல்ல நாள் குறித்திருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னைச் சாட்சிக் கூண்டிலிருந்து குற்றவாளிக் கூண்டுக்கு மாற்றப் பார்ப்பார் என்று எங்கள் வழக்கறிஞர் எச்சரித்திருக்கிறார். மாற்றினாலும் அதில் தவறில்லை. என் வீட்டில் உள்ளவர்கள், வயதான காலத்தில் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்கிறார்கள். உடன் வருவதாகச் சொல்லியிருந்த அக்கா இப்போது இல்லை.

அவரிடமிருந்து எனக்கென்று என்ன மிஞ்சியிருக்கிறது என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். இறுதிச் சடங்கில் பலரும் அவர் தங்களைத் தேற்றிய வார்த்தைகளைச் சொல்லி அழுதார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. கடைசி இரண்டு ஆண்டுகளில் எத்தனையோ முறை அவர் வீட்டில் டீ குடித்திருக்கிறேன். அவருக்கு மருந்து வாங்கிவந்து கொடுத்திருக்கிறேன். அவர் என்னிடம் கடுமையாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஒருநாளும், பேச்சுக்குக்கூட, “பரவாயில்ல சார்” என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்காக நான் காத்திருந்தது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் தராமல் போயிருக்கிறார். அது கிடைத்திருந்தால் அடுத்த மாதம் நான் நீதிமன்றத்துக்குப் போகாமலே இருந்துவிடுவேன்.